ஃபுட்டி கீப்பர் லீகில் ஓர் அணியை ஏற்பவருக்கு: ஐந்து வருடக் கணக்கு

மெல்பர்னில் வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையிலேயே யாராவது ஒருவர் வந்து கேட்பார்: “எங்க ஃபுட்டி கீப்பர் லீகில் ஒரு கோச் விலகிட்டார். அவர் அணியை நீ எடுத்துக்கறியா?” மறுக்க மனமில்லாமல் சரி என்பீர்கள். (ஃபுட்டி என்பது ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து. கீப்பர் லீக் அதை வைத்து ஆடும் கற்பனை அணிப் போட்டி, அதில் அணியை வைத்திருப்பவர்தான் கோச்.) மறுநாள் முப்பது பேர் கொண்ட ஒரு லிஸ்ட் மின்னஞ்சலில் வந்து விழும். அதில் பாதிப் பேர் யாரென்று தெரியாது. அதற்குள்ளேயே இரண்டு பேர் டிரேட் (ஆட்டக்காரர் கைமாற்று) கேட்டுச் செய்தி அனுப்பியிருப்பார்கள். புது ஆளிடம் மலிவாக வாங்கிவிடலாம் என்ற கணக்குதான்.

எனக்கு இதைச் சொல்லித்தர ஆள் இல்லை. லீகில் இருந்தவர்கள் சின்ன வயதிலிருந்தே ஃபுட்டி பார்த்து வளர்ந்தவர்கள். நல்ல மனிதர்கள், ஆனால் நமக்கு எது தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியாது. அதனால் தட்டுத்தடுமாறிக் கற்றதை வரிசையாக எழுதி வைக்கிறேன். ஆட்ட விதிகளுக்குள் போகப் போவதில்லை. நாலு குவார்ட்டர், கோலுக்கு ஆறு, பிஹைண்டுக்கு ஒன்று என்ற அளவு தெரிந்தால் போதும்.

கீப்பர் லீக் என்றால் இதுதான். ஏஎஃப்எல் என்ற தேசிய ஃபுட்டி லீகில் ஆடும் 18 கிளப்புகளின் ஆட்டக்காரர்களை ஒரு லீகின் பத்துப் பன்னிரண்டு கோச்சுகள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஓர் ஆட்டக்காரர் ஒரே ஒரு கோச்சுக்குத்தான் சொந்தம். நிஜ ஆட்டத்தில் அவர் செய்வதற்கு உங்களுக்குப் புள்ளி. சாதாரண லீகில் வருடம் முடிந்ததும் எல்லா அணியும் கலைந்துவிடும், கீப்பரில் கலையாது. இன்று நீங்கள் எடுக்கும் 18 வயதுப் பையன் உங்கள் லிஸ்டிலேயே முப்பது வயதைத் தொடலாம். அவர் கிளப் மாறினாலும் உங்களிடம்தான் இருப்பார்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆட்டக்காரர்களைப் பற்றிய அறிவில் உள்ளூர்க்காரர்களை நாம் முந்துவது கஷ்டம். ஆனால் ஒரே ஆளின் விலை அக்டோபரில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று, ஜூலையில் ஒன்று. அந்த நாள் கணக்கில் அவர்களை முந்தலாம். கீழே உள்ள படிகளில் பாதி அதைப் பற்றியதுதான்.

1. சரி சொல்லும் முன் கேட்டு வாங்க வேண்டியவை

லீகை நடத்துபவரைக் கமிஷனர் என்பார்கள். அவரிடமிருந்து நான்கு ஆவணங்கள் வேண்டும்: லீகின் விதித்தாள், எல்லா அணிகளின் தற்போதைய லிஸ்ட், பிக் பதிவேடு, கடந்த இரண்டு வருட டிரேட் பதிவு. உங்கள் அணியின் லிஸ்டை மட்டும் அனுப்பிவிட்டு, மற்றதை அப்புறம் தருகிறேன் என்றால் நீங்களும் பதிலை அப்புறம் சொல்லுங்கள்.

இவற்றில் முக்கியமானது பிக் பதிவேடு. மார்ச்சில் பருவம் தொடங்கும் முன் உங்கள் லீகுக்குள் ஒரு டிராஃப்ட் நடக்கும்: கோச்சுகள் முறை வைத்து ஆள் எடுப்பார்கள், அந்த ஒவ்வொரு முறையும்தான் பிக். புதிதாக ஏஎஃப்எல்லுக்கு வந்த பையன்களும், யாரும் வைத்துக்கொள்ளாமல் விட்டவர்களும் அதில் கிடைப்பார்கள். பெரும்பாலான லீகுகளில் போன வருடம் கடைசியில் வந்தவருக்கு முதல் பிக். இந்த பிக்குகளை முன்கூட்டியே, அடுத்த வருடத்துக்கு உரியதைக்கூட, டிரேடில் கொடுக்கலாம். இங்கேதான் பொறி. விலகப் போகும் கோச் கடைசி வருடம் எப்படியாவது ஜெயித்துவிடப் பார்த்திருப்பார். எதிர்கால பிக்குகளை எல்லாம் முப்பது வயது ஆட்டக்காரர்களுக்கு விற்றிருப்பார். கோப்பையோடு அவர் போய்விடுவார், கடன் உங்கள் பெயரில் நிற்கும்.

பதிவேட்டில் உங்கள் முதல் சுற்று பிக் வேறொருவர் பெயரில் இருந்தால், முதல் சுற்றின் முடிவில் ஓர் ஈட்டு பிக் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் முதல் வருடக் கட்டணத்தில் பாதித் தள்ளுபடி கேளுங்கள். அணியை ஏற்றுக்கொள்ள ஆள் கிடைக்காமல் கமிஷனர் தவிக்கும்போது இரண்டில் ஒன்று நடக்கும். ஏற்ற பிறகு கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

விதித்தாளில் தேடிப் படிக்க வேண்டியவை: எத்தனை பேரை வைத்துக்கொள்ளலாம், களத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் எத்தனை பேர், நீண்ட காயம் பட்டவருக்குத் தனி இடம் உண்டா, டிரேட் எந்தத் தேதியில் மூடும், மற்றவர்கள் வாக்களித்து ஒரு டிரேடை ரத்து செய்ய முடியுமா. கடைசி விஷயம் புது ஆட்களுக்கு அவசியம். ரத்து உரிமை இருக்கும் லீகில், நீங்கள் ஏமாறும் டிரேடை மற்றவர்கள் தடுப்பார்கள் என்று நினைப்பீர்கள். நடைமுறையில் நீங்கள் லாபம் பார்க்கும் டிரேடுக்குத்தான் கை தூக்குவார்கள்.

2. செலவு

இந்த லீகுகள் நடக்கும் தளங்களான ஏஎஃப்எல் ஃபேன்டசி, சூப்பர்கோச் இரண்டிலும் டிராஃப்ட் லீக் வைத்துக்கொள்ளப் பணம் வேண்டாம். செலவு என்பது லீகுக்குள் போடும் கட்டணம்தான். எங்கள் லீகில் ஆண்டுக்கு 50 டாலர். இருபது டாலர் லீகும் உண்டு, இருநூறு கேட்கும் லீகும் உண்டு. பணம் யார் கணக்கில் இருக்கிறது, பரிசு எப்படிப் பிரிகிறது, கோப்பையில் பெயர் பொறிக்கும் செலவு யாருடையது என்பதை எழுத்தில் கேளுங்கள்.

நல்ல லீகுகளில் ஒரு விதி இருக்கும்: அடுத்த வருட பிக்கை டிரேடில் கொடுத்தால், அடுத்த வருடக் கட்டணத்தை அன்றே கட்ட வேண்டும். கடனை ஏற்றிவிட்டு ஓடுவதைத் தடுக்க இதைவிட எளிய வழி இல்லை. உங்கள் லீகில் இந்த விதி இல்லையென்றால், வருடாந்தரக் கூட்டத்தில் நீங்களே முன்மொழியுங்கள். புது ஆளின் பேச்சுக்கு மதிப்பு கிடைக்கும் அபூர்வமான சந்தர்ப்பம் அது.

காசு கட்டிப் பார்க்கும் புள்ளிவிவரத் தளங்கள் முதல் வருடம் தேவையில்லை. சராசரி, ஆடிய ஆட்டங்கள், களத்தில் இருந்த நேரத்தின் சதவீதம் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன.

3. புள்ளி முறையை மனப்பாடம் செய்யுங்கள்

தொலைக்காட்சியில் நாயகனாகத் தெரிபவர் உங்கள் லிஸ்டுக்கு நாயகனாக இருக்கத் தேவையில்லை. ஏஎஃப்எல் ஃபேன்டசியில் உதைக்கு 3, ஹேண்ட்பாலுக்கு (கையால் குத்தி அனுப்புவது) 2, மார்க்குக்கு (உதைத்து வந்த பந்தை நேராகப் பிடிப்பது) 3, டேக்கிளுக்கு (எதிராளியை மடக்கிப் பிடிப்பது) 4, கோலுக்கு 6, பிஹைண்டுக்கு 1, ஹிட்அவுட்டுக்கு (மேலே எறியும் பந்தை ரக்மேன் தட்டிவிடுவது) 1, ஃப்ரீ கிக் வாங்கினால் 1, கொடுத்தால் மைனஸ் 3.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பின்வரிசையில் நிதானமாகப் பந்தை மாற்றிக்கொண்டிருக்கும் ஒருவர் 18 உதை, 6 ஹேண்ட்பால், 8 மார்க், 2 டேக்கிள் என்று முடித்தால் 98 புள்ளி. முன்வரிசையில் நாலு கோல் அடித்து அரங்கத்தையே எழுப்பியவர் 9 உதை, 3 ஹேண்ட்பால், 6 மார்க், 1 டேக்கிளோடு முடித்தால் 79. அடுத்த நாள் செய்தியில் இரண்டாமவர் படம் வரும். நீங்கள் முதலாமவரை வாங்குங்கள்.

சூப்பர்கோச் வேறு மாதிரி. ஓர் ஆட்டத்துக்கு மொத்தம் சுமார் 3300 புள்ளி. அதைத்தான் எல்லாருக்கும் பிரிப்பார்கள். போராடி எடுத்த பந்துக்கு அதிக மதிப்பு, பந்தை எதிரணியிடம் பறிகொடுத்தால் இழப்பு. ஒரு முறையில் தங்கமான ஆட்டக்காரர் இன்னொன்றில் சராசரி. யாராவது ஆலோசனை சொன்னால் எந்த முறைக்குச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

4. உங்கள் ஸ்ப்ரெட்ஷீட்

எந்தத் தளத்தில் ஆடினாலும் லிஸ்டைத் தனியாக ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர், கிளப், பிறந்த தேதி, ஆடும் இடம், கடந்த மூன்று வருடச் சராசரி, தவறவிட்ட ஆட்டங்கள், கிளப்போடு உள்ள ஒப்பந்தம் முடியும் ஆண்டு. ஒரு ஞாயிறு மதியம் போதும். சராசரியை வரிசைப்படுத்திப் பார்க்காதீர்கள். பிறந்த தேதியை வரிசைப்படுத்துங்கள். லிஸ்டின் உண்மையான நிலை அப்போதுதான் தெரியும்.

டிராஃப்டில் பையன்கள் வருவது 18 வயதில். பொதுவாக மிட்ஃபீல்டர்கள் மூன்றாவது, நான்காவது வருடத்தில் எழுவார்கள். 24 முதல் 28 வரை அறுவடை. 29க்கு மேல் ஒவ்வொரு வருடமும் தனித்தனி முடிவு. உங்கள் முப்பதில் பத்துப் பேருக்கு மேல் 29ஐத் தாண்டியிருந்தால் அந்த லிஸ்டுக்கு இரண்டு வருட ஆயுள்தான், போன வருடம் அது எந்த இடத்தில் முடித்திருந்தாலும் சரி.

மேலே எறியும் பந்தைத் தங்கள் அணிக்குத் தட்டிவிடும் உயரமான ரக்மேன்கள் இந்தக் கணக்குக்குள் வர மாட்டார்கள். மெல்பர்ன் கிளப்பின் மேக்ஸ் கான் 2009 டிராஃப்டில் 34ஆவது பிக்காக வந்தார். வருடத்தின் சிறந்தவர்களைக் கொண்ட ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் முதல்முறை இடம் பிடித்தது 2016இல். ஏழு வருடம் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு ஒருவரை வளர்க்க உங்களால் முடியாது. அதனால் 18 வயது ரக்மேனை மற்றவர்கள் எடுக்கட்டும். அவர்கள் பொறுமை இழந்து விடும் 22, 23 வயதில் நீங்கள் எடுங்கள்.

ஆனால் ரக்மேன் இல்லாமல் இருக்காதீர்கள். 18 கிளப், பெரும்பாலான கிளப்புகளில் முழு நேரமும் ரக்கில் நிற்பவர் ஒருவர். பத்து அணி லீகில் ஆளுக்கு இரண்டு ரக்மேன் வேண்டுமென்றால் தேவை 20. சந்தையில் சரக்கே கிடையாது. ஆட்டத்துக்கு 35 ஹிட்அவுட் வாங்குபவர் பந்தைக் கையில் தொடும் முன்பே 35 புள்ளியோடு நிற்கிறார். காயம் வந்த வாரத்தில் ரக்மேன் தேடினால் கேட்ட விலை கொடுக்க வேண்டியதுதான். மூன்றாவது ஆளை எப்போதும் லிஸ்டில் வைத்திருங்கள்.

5. ஆடும் இடம் மாறும்

டிஃபெண்டர், மிட், ரக், ஃபார்வர்டு என்ற தகுதியை ஒவ்வொரு பருவத்துக்கும் முன் தளமே நிர்ணயிக்கும். முந்தைய வருடம் நிஜத்தில் எங்கே ஆடினார் என்பதை வைத்து அது முடிவாகும். சிலருக்கு இரண்டு தகுதி உண்டு. பருவத்தின் நடுவிலும் தகுதிகள் கூடும்.

80 சராசரி எடுக்கும் மிட்ஃபீல்டர் எல்லார் பெஞ்சிலும் இருப்பார். அதே 80 எடுக்கும் ஃபார்வர்டு நல்ல சொத்து. அடிலெய்டின் ரோரி லேர்ட் பின்வரிசையில் பெயர் வாங்கியவர். நடுக்களத்துக்கு மாற்றியதும் புள்ளிகள் எகிறின. அப்படி ஒருவர் மிட்ஃபீல்டில் ஆடிக்கொண்டு டிஃபெண்டர் தகுதியோடும் இருக்கும் வருடம்தான் உச்ச விலை. அடுத்த வருடம் தகுதி போய்விடும் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் ஜூலையில் கோப்பைக்காகப் போராடும் கோச்சுக்கு அது கவலையே இல்லை. அவரிடம்தான் விற்க வேண்டும்.

6. வருட நாட்காட்டி: எப்போது வாங்கலாம், எப்போது விற்கலாம்

அக்டோபர். செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை எம்சிஜியில் கிராண்ட் ஃபைனல் முடியும். அடுத்து ஏஎஃப்எல் டிரேட் காலம் வரும். உங்கள் லீகின் சந்தையும் பெரும்பாலும் அப்போது திறந்திருக்கும். வருடத்தில் நீங்கள் அதிகம் உழைக்க வேண்டிய இரண்டு வாரம் இவை.

ஒருவர் கிளப் மாறுகிறார் என்றதும் எல்லாரும் அவரைப் பற்றியே பேசுவார்கள். நீங்கள் இரண்டு கேள்வி கேளுங்கள்: போகும் இடத்தில் அவர் வேலையை ஏற்கெனவே யார் செய்கிறார்? விட்டுப்போன இடத்தில் இனி யார் செய்வார்? பிராடி கிரண்டி கதை இதற்குப் பாடம். காலிங்வுட்டின் முதல் ரக்மேனாக இருந்தவர், 2022 டிரேட் காலத்தில் மெல்பர்னுக்குப் போனார். அங்கே கான் இருந்தார். இரண்டு பேருக்கு ஒரு வேலை. 2023 பிற்பகுதியில் கிரண்டி அடுத்த நிலை லீகான விஎஃப்எல்லில் ஆட வேண்டி வந்தது. அந்த வருடம் அவரை விற்றுத் தள்ளியவர்கள் நிறைய. 2023 இறுதியில் சிட்னிக்கு மாறியதும் மறுபடி முதல் ரக்மேன். திறமை எங்கேயும் போகவில்லை, வேலை மட்டும் போய்த் திரும்பி வந்தது. இரண்டாவது மாற்றம் பேச்சளவில் இருந்தபோதே வாங்கியவருக்குப் பாதி விலையில் கிடைத்திருப்பார்.

யார் மாறலாம் என்பதை முன்பே ஊகிக்க ஒரு வழி உண்டு. எட்டு வருடம் ஒரே கிளப்பில் இருந்தால் ஃப்ரீ ஏஜென்ட் ஆகி வேறு கிளப்புக்குப் போகலாம். 18இல் வந்தவருக்கு அது 26, 27 வயது, அதாவது அறுவடைக் காலத்தின் நடுப்பகுதி. உங்கள் ஸ்ப்ரெட்ஷீட்டில் அந்த வயதும், ஒப்பந்தம் முடியும் ஆண்டும் சேரும் பெயர்களைச் சிவப்பில் குறித்து வையுங்கள். அவர்கள் ஜூலையிலிருந்தே செய்தியில் வருவார்கள்.

நவம்பர், டிசம்பர். நவம்பர் பிற்பகுதியில் ஏஎஃப்எல் கிளப்புகள் புதுப் பையன்களை எடுக்கும் தேசிய டிராஃப்ட். முதல் பத்து பிக்கில் வந்த பையன்களின் பெயரை லீகில் எல்லாரும் பேசுவார்கள். உங்கள் மார்ச் பிக்கின் விலை இப்போதிருந்தே ஏற ஆரம்பிக்கும். பிக்கை விற்பதென்றால் இந்த ஏற்றத்தில் விற்கலாம். எந்தப் பையனும் இன்னும் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை, அதனால் எல்லாருமே வருங்கால நட்சத்திரங்கள். அடிமட்டக் கிளப்புக்குப் போனவர்களைக் கவனியுங்கள். அங்கே முதல் வருடமே ஆட்டம் கிடைக்கும்.

பிப்ரவரி. பயிற்சி ஆட்டங்கள். யார் நடுக்களத்தின் பந்து எறிதலுக்கு நிற்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். புள்ளியைப் பார்க்காதீர்கள்.

ஏப்ரல். இது விற்கும் மாதம். யாரோ ஒருவர் முதல் நாலு வாரம் 110 சராசரி எடுப்பார். அவருக்கு 27 வயது, அதற்கு முன் 75ஐத் தாண்டியதில்லை என்றால் அன்றே விற்றுவிடுங்கள். 21 வயது, வேலையும் மாறியிருக்கிறது என்றால் வைத்திருங்கள். ஒரு எச்சரிக்கை: 2024 முதல் ஓப்பனிங் ரவுண்ட் என்று சில கிளப்புகள் மட்டும் ஒரு வாரம் முன்னதாகத் தொடங்குகின்றன. அவற்றுக்குப் பருவத் தொடக்க வாரங்களில் கூடுதலாக ஒரு ஓய்வு வாரம் வரும். டிரேடுக்கு முன் அட்டவணையைப் பாருங்கள்.

மே கடைசி, ஜூன். பருவ நடு டிராஃப்ட்டும் ஓய்வு வாரங்களும். மாநில லீகுகளில் ஆடிப் பழுத்தவர்கள் இந்த டிராஃப்டில் வருவார்கள். 2019இல் இப்படி ரிச்மண்டுக்கு வந்த மார்லியன் பிக்கெட்டின் முதல் ஏஎஃப்எல் ஆட்டமே அந்த வருடக் கிராண்ட் ஃபைனல், ஜெயித்தும் விட்டார். நம் லீகில் இவர்களை இலவசமாகவே எடுக்கலாம், ஏனென்றால் மற்ற கோச்சுகள் அப்போது ஓய்வு வாரத்தில் யாரை நிறுத்துவது என்ற குழப்பத்தில் இருப்பார்கள்.

ஜூலை, ஆகஸ்ட். உங்கள் லீகின் இறுதிச் சுற்று ஏஎஃப்எல்லின் வழக்கமான சுற்றுகளின் கடைசி வாரங்களில் நடக்கும். அப்போது அட்டவணையின் அடியில் இருக்கும் கிளப்புகள் மூத்தவர்களைச் சீக்கிரமே அறுவைச் சிகிச்சைக்கு அனுப்பிவிட்டுப் பையன்களை ஆட வைப்பார்கள். கோப்பைக்குப் போட்டியிடுகிறீர்கள் என்றால் அடிமட்டக் கிளப்பின் 31 வயதுக்காரரை நம்பி ஆகஸ்டுக்குள் நுழையாதீர்கள்.

7. இப்போதே ஜெயிக்கும் அணியா, வருங்காலத்துக்குக் கட்டும் அணியா?

ஜூன் ஓய்வு வாரங்களுக்குள் முடிவு செய்துவிடுங்கள். முதல் மூன்றில் இருந்தால் எதிர்கால பிக்கைக் கொடுத்து மூத்தவர்களை வாங்கலாம். கடைசி நாலில் இருந்தால் 28 வயதைத் தாண்டியவர்களை அந்த முதல் மூன்று பேருக்கு விற்க வேண்டும். நடுவில் நிற்பதுதான் மோசம்: ஆறாவது இடம், நடுத்தர பிக், வருடா வருடம் அதே.

கட்டும் அணி என்று எல்லாரையும் விற்றுவிடவும் முடியாது. பல லீகுகளில் களம் நிறைய ஆடுபவர்களை நிறுத்த வேண்டும் என்ற விதி உண்டு; வேண்டுமென்றே தோற்றால் பிக்கைப் பறிப்பார்கள். விற்கும்போது ஒருவருக்கு இரண்டு பேர் வாங்குவது லாபமாகத் தெரியும். ஆனால் லிஸ்டில் இடம் முப்பதுதான். உள்ளே வரும் இரண்டாவது ஆளுக்காக ஒருவரை வெளியே அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பப்படுபவரையும் விலையில் சேர்த்துக் கணக்கிடுங்கள். இருவருக்கு ஒருவர் என்ற டிரேடில் பெரும்பாலும் ஒருவரை வாங்கியவரே வருடம் கழித்துச் சிரிக்கிறார்.

8. டிரேடை எழுதும் முறை

பேச்சு எப்படி வேண்டுமானாலும் நடக்கட்டும். முடிவை மட்டும் லீகின் குழுவில் முழு வாக்கியமாக எழுதுங்கள். “என் இரண்டாவது பிக்” என்று எழுதினால் எந்த வருடம், யாருடைய பிக் என்று ஆறு மாதம் கழித்துச் சண்டை வரும். ஏற்கெனவே கைமாறி வந்த பிக்காக இருந்தால் அது முதலில் யாருடையது, எந்த வருடம், எந்தச் சுற்று என்று மூன்றும் வேண்டும். இரு தரப்பும் அதே குழுவில் ஒப்புக்கொள்ள வேண்டும். கமிஷனர் பதிவேட்டில் ஏற்றிய பின் ஒரு ஸ்க்ரீன்ஷாட்.

பிக்கின் மதிப்பை மிகைப்படுத்தாதீர்கள். பத்து அணி, ஆளுக்கு முப்பது பேர் என்றால் 300 பேர் ஏற்கெனவே கைகளில். ஒரு சுற்றில் எல்லாக் கிளப்பும் சேர்ந்து களமிறக்குவதே நானூற்றுச் சொச்சம் பேரைத்தான். முதல் சுற்றில் நல்ல பையன் கிடைப்பான், இரண்டாவது சுற்று அதிர்ஷ்டம், அதற்குக் கீழே மற்றவர்கள் வேண்டாம் என்று விட்டவர்கள். யாராவது மூன்று நான்காவது சுற்று பிக்குகளை அடுக்கி உங்கள் நல்ல ஆட்டக்காரரைக் கேட்டால், நன்றி சொல்லி விட்டுவிடுங்கள்.

பதில் சொல்ல 24 மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். “இன்னைக்கு ராத்திரிக்குள்ள சொல்லணும்” என்று அவசரப்படுத்துபவரிடம் உங்களுக்கு இன்னும் வராத ஒரு செய்தி இருக்கிறது என்று அர்த்தம். வியாழன் மாலை அணிகள் அறிவிக்கப்படும் நேரத்தை ஒட்டி வரும் கோரிக்கைகளில் இது அதிகம்.

9. காயம்

முழங்காலில் ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்தால் சுமார் ஒரு வருடம் போகும். ஜெயிக்கத் துடிக்கும் கோச்சுக்கு அது வீணான இடம். கட்டும் அணிக்கு அதுவே சந்தை. பெய்லி ஸ்மித்துக்கு 2023 டிசம்பரில் பயிற்சியில் ஏசிஎல் போனது. 2024 முழுக்க ஆடவில்லை. அந்த அக்டோபரில் வெஸ்டர்ன் புல்டாக்ஸிலிருந்து ஜீலாங்குக்கு மாறினார், 2025இல் ஆல்-ஆஸ்திரேலியன். 2024 நடுவில் அவரை வாங்க வருங்காலத்தை அடகு வைக்க வேண்டியிருந்திருக்காது. வயதும் காரணம்: அப்போது அவருக்கு 23.

காயம் வரும் நேரமும் கணக்கை மாற்றும். டாம் மிட்செல் 2018இல் ஏஎஃப்எல்லின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் வாங்கினார், 2019 ஜனவரியில் பயிற்சியில் கால் முறிந்து அந்த வருடம் முழுதும் போனது. கீப்பர் லீகுகளில் மிக விலையுயர்ந்தவர்களில் ஒருவர் பருவம் தொடங்கும் முன்பே காலி. ஜனவரியில் யாரையும் பெரிய விலைக்கு வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பயிற்சிக் காலம் இன்னும் இரண்டு மாதம் பாக்கி. அந்த ஆபத்தை விற்பவரே சுமக்கட்டும்.

தலைக்காயம் தனி. மூளையதிர்ச்சி என்று உறுதியானால் குறைந்தது 12 நாள் ஆட முடியாது, அதாவது அடுத்த ஆட்டம் அநேகமாகப் போய்விடும். திரும்பத் திரும்ப வந்தால் ஆட்ட வாழ்க்கையே முடியலாம். மெல்பர்னின் ஆங்கஸ் பிரேஷா 2023 ஃபைனல்ஸில் பட்ட அடிக்குப் பிறகு, 2024 பிப்ரவரியில் மருத்துவ ஆலோசனைப்படி 28 வயதில் ஓய்வு பெற்றார். அந்தத் தேதியைக் கவனியுங்கள்: பல லீகுகளில் கீப்பர் லிஸ்ட் கொடுக்கும் நேரம். இப்படி நடந்தால் மாற்று ஆள் எடுக்கலாமா என்பது விதித்தாளில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இப்போதே கமிஷனரிடம் கேட்டு எழுத வையுங்கள். ஒருவருக்கு நடந்த பிறகு எழுதினால் அது விதியாக இருக்காது, சலுகையாகிவிடும்.

10. கீப்பர் லிஸ்ட் கொடுக்கும் நாள்

பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் தொடக்கம். யாரை வைத்துக்கொள்கிறீர்கள் என்று கமிஷனருக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். நேரம் தாண்டினால் சில லீகுகளில் போன வருடச் சராசரியின்படி தானாகவே தேர்வாகிவிடும். உங்கள் 19 வயதுப் பையன்கள் எல்லாரும் சந்தைக்குப் போய்விடுவார்கள்.

நேரத்தில் இரண்டு சிக்கல். கெடு மெல்பர்ன் நேரத்தில் இருக்கும், அந்த மாதங்களில் மெல்பர்ன் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடும். மெல்பர்னில் இரவு 8 என்றால் பிரிஸ்பேனில் 7, பெர்த்தில் மாலை 5, விடுமுறைக்கு ஊர் போயிருந்தால் சென்னையிலும் கொழும்பிலும் பிற்பகல் 2:30. ஒருநாள் முன்பே அனுப்பிவிடுங்கள்; மாற்ற வேண்டுமென்றால் கெடு வரை மாற்றலாம்.

பெயரோடு கிளப்பையும் எழுதுங்கள். பெய்லி வில்லியம்ஸ் என்று வெஸ்டர்ன் புல்டாக்ஸில் ஒருவர், வெஸ்ட் கோஸ்டில் ரக்மேனாக ஒருவர். வெறும் பெயரை அனுப்பி, தளத்தில் வேறு ஆள் ஏற்றப்பட்டு, டிராஃப்ட் அன்று கண்டுபிடித்தால் திருத்துவது பெரும்பாடு. கமிஷனர் ஏற்றிய பிறகு உங்கள் ஸ்ப்ரெட்ஷீட்டோடு வரி வரியாக ஒப்பிடுங்கள்.

விடுவிக்கும் முன் அந்த ஆட்களை டிரேடில் காட்டுங்கள். கெடுவுக்கு முந்தைய வாரம், லிஸ்டில் இடம் மிச்சமிருக்கும் இரண்டு மூன்று கோச்சுகள் இருப்பார்கள். நீங்கள் எப்படியும் விடப்போகும் 30ஆவது ஆளுக்கு ஒரு மூன்றாவது சுற்று பிக் கிடைத்தால்கூட லாபம்தான்.

டிராஃப்ட் இரவில் ஒரு பிக்குக்கு ஒன்று ஒன்றரை நிமிடம்தான் தருவார்கள். உங்கள் முதல் பிக் எண்ணைவிட ஒரு பத்துப் பெயராவது அதிகமாக வரிசைப்படுத்தி தளத்தில் முன்கூட்டியே ஏற்றி வையுங்கள். இணையம் அறுந்தாலும் அந்த வரிசையிலிருந்து எடுக்கும். முடிந்ததும் களத்தில் யாரை நிறுத்துவது என்பதை அன்றே ஒருமுறை அமைத்துவிடுங்கள். ஓப்பனிங் ரவுண்டில் ஆடும் கிளப்புகளின் ஆட்டக்காரர்களை இனி மாற்ற முடியாதபடி பூட்டும் நேரம் மற்றவர்களைவிட முன்னால் வரலாம், அதையும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.